கட்டிலுக்கு அடியில் ஊரார் குடை

அன்பு மகள் சின்ன வாயாடிக்கு, உன்னைப் பெற்ற பெரிய வாயாடி எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, உன் அப்பாவின் முழங்கால் வலி, மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, மாப்பிள்ளையின் தொப்பை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, போன தடவை அனுப்பிய படத்திலேயே அது உனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தது. ஃபோன் இருக்க இதென்ன கடிதம் என்று நீ முகத்தைச் சுளிப்பாய். ஃபோனில் ஆரம்பித்தால் நான் ஒரு வாய் பேசுவதற்குள் நீ ரெண்டு வாய் பேசுகிறாய், அப்புறம் அம்மா சுருக்கமா சொல்லு எனக்கு வேலைக்கு நேரமாச்சு என்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது பார், அதற்குத்தான். சேதி பெரிய சேதி. நேற்றுக் காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய்ப் பேசிக்கொண்டு நின்று பொங்க விட்டுவிட்டேன், உன் அப்பா துடைத்தார். ஆனால் அது என்ன சேதி என்று இப்போதே சொல்ல மாட்டேன், வரிசையாகத்தான் சொல்வேன். கடைசித் தாளைத் திருப்பிப் பார்க்காதே, நீ என் வயிற்றில் பிறந்தவள், திருப்பிப் பார்ப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

குடை ஆலை மூடிய கதை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது பாதிதான் தெரியும், மீதிப் பாதியை நான் வெட்கப்பட்டுக்கொண்டு மறைத்துவிட்டேன். ஆலை மூடிய பிறகு என் கைகள் சும்மா இருக்க மாட்டேன் என்று அடம் பிடித்தன. திரைச்சீலையைப் பிரித்துத் தைத்தேன், தலையணை உறையைப் பிரித்துத் தைத்தேன், உன் அப்பா தன் சட்டையை என் கண்ணில் படாமல் மடித்து வைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் நீ, அம்மா இங்க வந்துடுங்க, பின்னாடி அறையைக் காலி பண்ணி வச்சிருக்கேன் என்றாய். பாசமாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியாதா. ஆனால் உன் வீட்டில் நான் என்ன செய்வேன், நீயும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு உன் வீட்டுத் திரைச்சீலையைப் பிரித்துத் தைப்பேன். அதனால்தான், அரசாங்கத்திலிருந்து ஒரு முடிவு வரவேண்டியிருக்கிறது, அது இல்லை என்று ஆனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லி வைத்தேன். என்ன முடிவு என்று நீ கேட்டாய், அதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். எனக்கே அப்போது சரியாகப் புரியவில்லை, அதுதான் விஷயம்.

அது என்னவென்றால், வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கி அதனால் ஆலை மூடி வேலை போனவர்களுக்கு அரசாங்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. வேறு தொழில் இலவசமாகக் கற்றுத் தருவார்கள், கற்று முடித்து வேலையில் சேரும் வரைக்கும் வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் உதவித்தொகை, பஸ் செலவும் உண்டு. ஆனால் வெளிநாட்டுச் சரக்கால்தான் வேலை போனது என்று அவர்களுடைய ஆள் நேரில் வந்து பார்த்து நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். எங்களுக்காக மனு கொடுத்தது சங்கத் தலைவர், அதுதான் மைக் அண்ணன். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவாரே, அவரேதான். அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் எல்லோரையும் ஆலை வாசலில் கூட்டினார். கூட்டி என்ன சொன்னார் தெரியுமா, 'தங்கச்சிங்களா, தம்பிங்களா, நாளைக்கு அதிகாரி வர்ற நேரத்துல ஒருத்தர் கையிலயும் வெளிநாட்டுக் குடை இருக்கக் கூடாது. நீங்களே அதை வாங்கிப் பிடிச்சுக்கிட்டு எங்களுக்கு வேலை போச்சுன்னு அழுதா காறித் துப்ப மாட்டாங்களா' என்றார். எல்லோரும் கை தட்டினோம். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மானம் இருக்கிறதல்லவா.

இதில் ஓர் உண்மையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருவில் அந்த வெளிநாட்டு மடக்குக் குடை இல்லாத வீடே இல்லை. நாங்கள் தைத்த குடை ஒன்று வாங்குகிற காசுக்கு அது ரெண்டு வரும், பைக்குள் போட்டால் இருக்கிற இடம் தெரியாது, பட்டனை அழுத்தினால் டப்பென்று தானே விரிந்துகொள்ளும். வெட்டுமேசைக்காரி வீட்டில் பூப்போட்டது, கம்பி கோர்க்கிறவர் வீட்டில் கோடு போட்டது, மைக் அண்ணன் வீட்டிலேயே ஒன்று இருந்தது, மருமகள் வாங்கியதாம், அவருக்குத் தெரியவே தெரியாதாம். அதனால் அதையெல்லாம் ஒளித்து வைக்கிற பொறுப்பை யார் எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறாய். உன்னைப் பெற்றவள்தான். போலீஸ்காரி மாதிரி வீடு வீடாக நுழைந்து, கதவுக்குப் பின்னால் பார்த்து, பீரோ மேலே பார்த்து, 'எடு எடு, இது யாரோட குடை, வெட்கமா இல்ல' என்று அதட்டி ஒன்று விடாமல் வாங்கி வந்து நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். நம் வீட்டில் மட்டும் ஒன்றும் கிடையாது என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மைக் அண்ணன் தன் பங்குக்கு பஜாரில் போய்க் குடைக்கடைக்காரரிடம் சொன்னார், அவரும் பாவம் நல்ல மனுஷன், வெளிநாட்டுக் குடைகளை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, விற்காமல் கிடந்த எங்கள் குடைகளைத் தூசி தட்டி வாசலில் மாலை மாதிரித் தொங்க விட்டார்.

அதிகாரி வந்தார். நாங்கள் மீசை வைத்த ஆளை எதிர்பார்த்து நின்றோம், வந்தது உன் வயசில் ஒரு பெண், மூக்கில் வழுக்கி வழுக்கி இறங்குகிற கண்ணாடி, நடந்து நடந்து தேய்ந்த செருப்பு. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆலையைத் திறந்து காட்டினோம். தையல் மெஷின்களுக்கு எல்லாம் துணி போர்த்தியிருந்தது, வெட்டுமேசையில் முக்கோணம் முக்கோணமாக வெட்டிய கறுப்புத் துணி தைக்க ஆளில்லாமல் அடுக்கியபடியே கிடந்தது. கடைசியில் அந்தக் குழாய் அறைக்குக் கூட்டிப்போனோம். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தைத்து முடித்த குடையை அங்கேதான் சோதிப்போம், குழாயடி அக்கா குடையை விரித்துக்கொண்டு நிற்பாள், மேலே இருந்து தண்ணீர் கொட்டும், அவள் தலையில் ஒரு சொட்டு விழுந்தால் அந்தக் குடையைத் தைத்தவள் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். எந்த மேனேஜரும் போட்ட சட்டம் இல்லை, நாங்களே போட்டுக்கொண்டது. அக்கா அன்றைக்கும் பெருமையாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அடியில் நின்று காட்டினாள், ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தப் பெண் அசந்துபோய், 'இவ்வளவு நல்லா செய்யறீங்க, அப்புறம் எதனால மூடினாங்க' என்று கேட்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மைக் அண்ணன் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில், காலம் சரியில்லைம்மா என்றார்.

பஜாரிலும் அதே கூத்துதான். எங்கள் குடை மாலைக்கு நடுவில் கடைக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'வியாபாரம் எப்படி' என்று அந்தப் பெண் கேட்டால், 'அமோகம்மா, நம்ம ஆலைக் குடைதான் வேணும்னு கேட்டு வாங்கறாங்க' என்கிறார். வெளிநாட்டுக் குடை வருவதில்லையா என்றால், 'சேச்சே, அதை யாரும் சீண்டறதில்லை' என்கிறார். பின்னால் நின்று நான் அவருக்கு சபாஷ் என்று தலையாட்டுகிறேன். என் மூளையை என்ன சொல்ல. பஸ் வருகிற வரைக்கும் நம் வீட்டில் உட்காரட்டும் என்று அழைத்து வந்தேன், குழாயடி அக்காவும் கூட வந்தாள். இருக்கிற ஒரு நாற்காலியில் உன் அப்பாவின் வேலைக்குப் போகிற சீருடை காய்ந்துகொண்டிருந்ததால் அந்தப் பெண் நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் போர்வையைத் தரை வரைக்கும் இழுத்து விட்டேன். அக்கா எனக்குக் கண்ணால் ஜாடை காட்டுகிறாள், ஒரு கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதாம். நான் டீ கொடுக்கிற சாக்கில் குனிந்து அதைக் காலால் உள்ளே தள்ளினேன்.

டீயை வைத்துவிட்டு அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது, 'அம்மா, வெளிநாட்டுக் குடையால எங்க வேலை போச்சுன்னுதானே மனு கொடுத்திருக்கீங்க. காலையில இருந்து சுத்தறேன், ஒரு வெளிநாட்டுக் குடையைக் கூட நான் கண்ணால பாக்கல. அது இல்லைன்னா இந்த உதவியைக் கொடுக்க எனக்கு வழியே இல்லம்மா. நல்லா யோசிச்சு சொல்லுங்க, நிஜமாவே யாருமே வாங்கறதில்லையா.' அடி ஆத்தே. அப்போதுதான் என் மண்டையில் வெளிச்சம் விழுந்தது. நாங்கள் மானம் மானம் என்று எதைப் பொத்திப் பொத்தி மறைத்தோமோ, அதைப் பார்க்கத்தான் அந்தப் பெண் அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்திருக்கிறது. என் படிப்பும், உதவித்தொகையும், உன் பின்னறையிலிருந்து நான் தப்பிக்கிற வழியும் அத்தனையும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அதன் மேல் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நேரம் இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது போர்வையைத் தூக்கினால் பொய்க்காரி என்று எழுதிவிட்டால் என்ன செய்வது. அக்கா என்னைப் பார்க்கிறாள், நான் அக்காவைப் பார்க்கிறேன், ரெண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது.

அப்போது பிடித்தது பார் மழை. சும்மா இல்லை, வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி. அந்தப் பெண் பதறி எழுந்து, ஐயோ பஸ்ஸு என்றது. குடை கொண்டு வரவில்லையாம். குடை ஊருக்குக் குடை இல்லாமல் வந்திருக்கிறது. உடனே உன் அப்பா, பள்ளிக்கூட வாசலில் காவல் நின்று நின்று யார் நனைந்தாலும் ஓடிப்போய்க் கூட்டி வருகிற மனுஷன், 'வாங்கம்மா நான் கொண்டு விடறேன்' என்று எழுந்தார், தன் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டார், எதையோ எடுத்தார், டப். விரிந்தது மடக்குக் குடை. நீல நிறம், ஓரத்தில் வெள்ளைக் கரை. நடுவீட்டில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் என்னங்க என்று கத்தியது உனக்கே அங்கே கேட்டிருக்க வேண்டும். மற்ற ஆண்கள் சின்ன வீடு வைத்துக்கொள்வார்கள், உன் அப்பா சின்னக் குடை வைத்துக்கொண்டிருக்கிறார். ஊர் முழுக்கச் சோதனை போட்டவள் புருஷன் பையைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, 'ஐயா, இது எங்க வாங்கினது' என்று கேட்டது. உன் அப்பா என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், 'இது... ஒரு சொந்தக்காரங்க...' என்று மென்று விழுங்கினார்.

அவர் விழுங்கி முடிப்பதற்குள் வாசலில் வெட்டுமேசைக்காரி. தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறாள், 'அக்கா என் குடையைக் குடுங்க, பொண்ணைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வரணும், பூப்போட்டது' என்கிறாள். அவளுக்குப் பின்னால் கம்பிக்காரர், அவருக்குக் கோடு போட்டது வேண்டுமாம். அவருக்குப் பின்னால் மைக் அண்ணனின் மருமகள். மழை வந்தால் குடை வேண்டாமா, எல்லோருடைய குடையும் என்னிடம், தெரு முழுக்க என் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறது. இனிமேல் என்ன மறைக்க. நான் போர்வையை விறுக்கென்று தூக்கினேன், அக்கா கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து இழுத்து இழுத்துப் போட்டாள், 'இந்தா பூவு, இந்தா கோடு, இந்தா புள்ளி, எடுத்துக்கங்கடி உங்க மானத்தை' என்று சொல்லிக்கொண்டே. கூடம் முழுக்கக் குடை. அந்தப் பெண் முதலில் வாயைப் பிளந்தது, அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தது பார், கண்ணாடி மடியில் விழுந்துவிட்டது. சிரித்து முடித்து, 'யாரும் போகாதீங்க, ஒவ்வொண்ணும் எங்க வாங்கினீங்க, ஏன் வாங்கினீங்க, சொல்லிட்டு எடுத்துட்டுப் போங்க' என்றது. பிள்ளையைக் கூப்பிடப் போகிறவளை மட்டும் முதலில் கேட்டு அனுப்பியது. எல்லோரும் கொட்டித் தீர்த்தார்கள். சொந்தக் கையால் தைத்த குடையை விட்டுவிட்டு இதை வாங்கினேனே என்று கம்பிக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்தார், அக்கா அவர் முதுகில் ஓர் அடி வைத்து, 'அழாதய்யா, சொல்ல வந்ததைச் சொல்லு' என்றாள். அந்தப் பெண் மறுபடி பஜாருக்கும் போய், கடைக்காரர் உள்ளே தள்ளி வைத்த பெட்டிகளை எல்லாம் இழுக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. போகும்போது நான் பயந்துகொண்டே, பொய் சொன்னோமே அதையும் எழுதுவீங்களாம்மா என்று கேட்டேன். பார்த்ததை எழுதுவேன் என்றது. நல்லதற்கா கெட்டதற்கா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ ஃபோனில் பின்னறைக்கு என்ன நிறம் பூசலாம் என்று கேட்கிறாய், நான் எதையாவது பூசு என்கிறேன், என்னம்மா ஒரு மாதிரி இருக்கே என்கிறாய். ஒரு மாதிரி இல்லை, ஒன்பது மாதிரி இருந்தேன். நேற்றுக் காலையில் தெரு முனையிலிருந்து மைக் அண்ணன் கத்திக்கொண்டே வருகிறார், 'தங்கச்சீ, கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு' என்று. கிடைத்துவிட்டது கண்ணே! ஆலையில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் கிடைத்துவிட்டது. நான் உன் அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன், அதுவும் வாசலில், தெருவே பார்த்தது, மனுஷனுக்கு முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. குழாயடி அக்கா குழாய் வேலை படிக்கப் போகிறாள், 'இத்தனை வருஷமா என் தலையில ஊத்தின குழாயை இனிமே நான் திருகறேன் பாரு' என்கிறாள். மைக் அண்ணனுக்கு வயசு தாண்டிவிட்டதால் படிப்பு இல்லை, ஓய்வூதியம் வரும் வரைக்கும் உதவித்தொகை. ஒரே ஒரு குறை, வீட்டில் வைத்துக் கைப்பிடிக்கு மெருகு போட்டுக் கொடுத்தவர்களை ஆலைத் தொழிலாளியாகச் சேர்க்கவில்லை. அவர்களுக்காக மைக் அண்ணன் மறுபடி மனுப் போடுகிறார். இந்தத் தடவை எதையும் ஒளிக்காதீங்க, இருக்கிற குடையை எல்லாம் வாசல்லயே விரிச்சு வைங்க என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

உன் அம்மா என்ன படிக்கப் போகிறாள் என்று கேள். ஃபோர்க்லிஃப்ட். முன்னால் ரெண்டு இரும்பு நாக்கை நீட்டிக்கொண்டு, பெட்டி பெட்டியாகத் தூக்கி அடுக்குமே, அந்த வண்டி. இன்று பெயர் கொடுக்கப் போனபோது சும்மா உட்கார்ந்து பாருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன், நெம்புகோலைத் தொட்டேன், இரும்பு நாக்கு மெல்ல மேலே எழுந்தது பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. தையல் மெஷின் மாதிரியேதான் இருக்கிறது, கால் சொல்வதைக் கை கேட்க வேண்டும். கொஞ்சம் நகர்த்தியும் பார்த்தேன், கற்றுக் கொடுக்கிறவர், மெதுவா மெதுவா என்று பக்கத்திலேயே ஓடி வந்தார். படிப்பு முடிந்தால் வேலை எங்கே தெரியுமா, ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கிறதே அந்தப் பெரிய குடோனில், வெளிநாட்டிலிருந்து கண்டெய்னரில் வருகிற சரக்கை இறக்கி அடுக்குகிற வேலை. ஆமாம், அந்த மடக்குக் குடையும் அதில்தான் வருகிறது. என் வேலையைத் தின்றவனை நானே தூக்கி இறக்கப் போகிறேன். அக்கா, பழி வாங்கறேன்னு கீழ போட்டுடாதடி என்கிறாள். போட மாட்டேன், ஆனால் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிட்டு ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் இறக்குவேன்.

உன் அப்பாவின் சின்னக் குடை விஷயத்தை நான் இன்னும் விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில், நான் தைத்துக் கொடுத்த பெரிய குடையைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்திருப்பதைக் காட்டினார். 'அதை எடுத்துட்டுப் போய் எங்கயாவது மறந்து வச்சுட்டா உன் முகம் வாடிப் போகும், இது தொலைஞ்சா தொலையட்டும்னுதான் வாங்கினேன்' என்கிறார். உண்மையா அல்லது அந்த நிமிஷத்தில் கட்டியதா, நீயே தீர்ப்புச் சொல். எதற்கும் நான் கோபத்தை இன்னும் கொஞ்ச நாளைக்கு வைத்துக்கொள்வதாக இருக்கிறேன், தினமும் பாத்திரம் கழுவிக் கொடுக்கிறார்.

ஆகவே பின்னறையை எங்களுக்காகப் பூட்டி வைக்காதே, வாடகைக்கும் விட்டுவிடாதே. படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்து முதல் லீவு கிடைத்ததும் விருந்தாளியாக வருவேன், விருந்தாளிக்கு என்ன மரியாதையோ அதை எதிர்பார்ப்பேன், காலையில் எழுப்பக் கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடாதே, மாப்பிள்ளையை மாலையில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல், நான் சொன்னேன் என்று சொல்லாதே. இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். ஆலை மூடுகிற அன்று நான் கடைசியாகத் தைத்த குடை. அன்றைக்குக் குழாயைப் பூட்டிவிட்டார்கள், அக்கா அதன் அடியில் நிற்கவே இல்லை, அது சோதிக்காத குடை. அங்கே மழை பெய்கிறபோது நீ அதைப் பிடித்துக்கொண்டு நில். ஒரு சொட்டு உன் தலையில் விழுந்தாலும் சட்டம் சட்டம்தான், டீ என் செலவு, ஆனால் அதை இங்கே வந்துதான் குடிக்க வேண்டும். ஒழுகவில்லை என்றால் எழுது, நான் அக்காவிடம் காட்ட வேண்டும். உன்னைத் தெரியும், ஒழுகாவிட்டாலும் ஒழுகியது என்று எழுதுவாய். எழுது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் வாய் நிறையச் சிரிப்புமாக நீடூழி வாழ வேண்டும். குடையை பஸ்ஸில் மறந்து வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
நாளைக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப்போகிற உன் அம்மா

உன் அப்பாவும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.